ஜெயித்தது யார்?

1908 அக்டோபர் 14 அன்று டெட்ராய்ட் நகரின் பென்னட் பார்க் மைதானத்தில் சிகாகோ கப்ஸ் அணி 2-0 என்ற கணக்கில் ஜெயித்து பேஸ்பால் உலகத் தொடரைக் கைப்பற்றியது. ஆட்டம் ஒன்றரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. 1 மணி 25 நிமிடத்தில் முடிந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் 6,210 பேர். உலகத் தொடர் ஆட்டம் ஒன்றுக்கு இவ்வளவு சிறிய கூட்டம் அதற்கு முன்பும் கூடியதில்லை, பின்பும் கூடியதில்லை. கொரோனா ஆண்டில் ரசிகர்களை இடம் விட்டு உட்கார வைத்தபோதுகூட இதைவிட அதிகம் பேர் வந்தார்கள். அதே அணி அதே பட்டத்தை அடுத்த முறை வென்றது 2016 நவம்பர் 2 அன்று இரவு. இரண்டு நாள் கழித்து நடந்த ஊர்வலத்துக்கு 50 லட்சம் பேர் திரண்டதாக நகர நிர்வாகம் சொன்னது. சிகாகோவின் மக்கள்தொகையே 27 லட்சம்தான் என்பதால் அந்தக் கணக்கைப் பலர் நம்பவில்லை. எனக்கும் அது மிகையாகவே படுகிறது. பாதியாகக் குறைத்து, அதையும் பாதியாக்கிப் பார்த்தாலும் மிச்சமிருப்பது பெரும் ஜனசமுத்திரம். புனித பேட்ரிக் திருநாளையொட்டிப் பச்சைச் சாயம் பூசிக்கொள்ளும் சிகாகோ ஆறு அன்று அணியின் நீல நிறத்தில் ஓடியது. ஏட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே வெற்றி. ஒன்றுக்கு ஆறாயிரம் பேர், இன்னொன்றுக்கு ஒரு நகரமே. 2016-ஐ நினைக்கும்போதெல்லாம் இந்த வித்தியாசம்தான் என்னைச் சுண்டி இழுக்கிறது. அந்த வெற்றிக்கு அத்தனை கனத்தை ஏற்றியது யார் என்று யோசித்தால், பட்டம் யாருடையது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். அது ரசிகர்களுடையது என்பது என் முடிவு. பாராட்டாகவோ உபசாரமாகவோ இதைச் சொல்லவில்லை. உண்மை நிலவரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு பட்டங்களுக்கும் நடுவே கிடந்தது 108 வருஷக் காத்திருப்பு. காத்திருப்பு தானாக நடக்காது, யாராவது காத்திருக்க வேண்டும். பேஸ்பாலில் அது லேசான வேலையும் இல்லை. ஒரு பருவத்துக்கு ஓர் அணி 162 ஆட்டம் ஆடும். வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம்தான். கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில் 1988 ஆகஸ்ட் வரை மின்விளக்கே கிடையாது. அதனால் ஆட்டங்கள் பட்டப்பகலில் நடந்தன. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரும் பிள்ளைகள் டிவியைப் போட்டால் டபிள்யூஜிஎன் சேனலில் கடைசி இன்னிங்ஸ்கள் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து திரும்புவதற்குள் அன்றைய தோல்வி முடிந்திருக்கும். ஜெயித்தால் ஸ்கோர்போர்டின் உச்சியில் வெள்ளைத் துணியில் நீல நிற 'டபிள்யூ' எழுத்துப் போட்ட கொடியை ஏற்றுவார்கள், தோற்றால் நீலத் துணியில் வெள்ளை 'எல்'. மேம்பால ரயிலில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்து அன்றைய முடிவைத் தெரிந்துகொள்வார்கள். ஒரு அணி ஊரோடு ஒட்டிக்கொள்வது இப்படித்தான். மகத்தான தருணங்களைவிட, வேலைக்குப் போகும் வழியில் கண்ணில் பட்ட ஒரு கொடிக்கு அதில் பங்கு அதிகம்.

அந்தக் காத்திருப்புக்குள் எத்தனை சறுக்கல்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1910 முதல் 1945 வரை ஏழு முறை உலகத் தொடர் வரை போய் ஏழு முறையும் தோற்றார்கள். 1945-இல் பில்லி சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் தன் ஆட்டோடு ரிக்லி ஃபீல்டுக்கு வர, ஆட்டை அனுமதிக்க மறுத்தார்கள். இனி கப்ஸ் ஜெயிக்காது என்று அவர் சாபம் விட்டதாகக் கதை பரவியது. அதற்குப் பிறகு 71 வருஷம் உலகத் தொடரின் வாசலைக்கூட அணி மிதிக்கவில்லை. 1969-இல் பருவத்தின் பெரும்பகுதி முன்னிலையில் இருந்துவிட்டுக் கடைசியில் நியூயார்க் மெட்ஸிடம் கோட்டைவிட்டது. 1984-இல் இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும் என்ற நிலையில் சான் டியேகோவிடம் மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து இழந்தது. ஆட்டுச் சாபத்தை நம்பியவர்கள் எத்தனை பேர் என்பது முக்கியமில்லை. தோல்வியைத் தனித்தனித் துண்டுகளாக விட்டுவிடாமல் ஒரே கதையாகக் கோத்து, பிள்ளைகளுக்குச் சொல்லி, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி அதை உயிரோடு வைத்திருந்தது ரசிகர்கள். 1969-இல் தோற்ற ஆட்டக்காரனுக்கும் 1984-இல் தோற்ற ஆட்டக்காரனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு தோல்வியையும் ஒரே மனசில் சுமந்தவன் பார்வையாளன் மட்டுமே.

இனி 2016-இன் அந்த இரவு. கிளீவ்லேண்டுடனான தொடரில் 3-1 என்று பின்தங்கி, இரண்டு ஆட்டங்களை ஜெயித்துச் சமன் செய்து, ஏழாவது ஆட்டத்துக்கு எதிரி ஊருக்கே கப்ஸ் வந்திருந்தது. முதலில் ஆடிய டெக்ஸ்டர் ஃபவுலர் ஹோம் ரன்னோடு தொடங்கினார். ஒரு கட்டத்தில் 5-1, பிறகு 6-3. எட்டாவது இன்னிங்ஸில் இன்னும் நான்கு பேரை அவுட்டாக்கினால் போதும். அப்போது கிளீவ்லேண்டின் ராஜாய் டேவிஸ் அடித்த பந்து இடது பக்க வேலியைத் தாண்டியது, 6-6. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் மழை வேறு வந்து 17 நிமிடம் ஆட்டம் நின்றது. பத்தாவது இன்னிங்ஸில் பென் ஸோப்ரிஸ்ட்டும் மிகேல் மொன்டேரோவும் ஆளுக்கு ஒரு ரன் கொண்டுவர, கிளீவ்லேண்ட் ஒன்றைத் திருப்பி எடுக்க, 8-7. கடைசிப் பந்தை எடுத்து ஆன்டனி ரிஸோவுக்கு எறிந்த கிரிஸ் பிரையன்ட், எறிவதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவும் நடந்தது கிளீவ்லேண்டில். ஆனால் சிகாகோவில், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ரிக்லி ஃபீல்டைச் சுற்றி கிளார்க் தெருவும் ஆடிஸன் தெருவும் ரசிகர்களால் நிரம்பி வழிந்தன. அவர்கள் பார்க்க வந்த ஆட்டம் அங்கே நடக்கவில்லை. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தே மைதானத்தின் பக்கத்தில் இருக்க வந்தார்கள். கண்ணெதிரே ஒரு காட்சியைக் கண்டு களிப்பதுதான் ரசிகன் வேலை என்றால் இதற்கு அர்த்தமே இல்லை. தன் வீட்டு விசேஷத்துக்கு வெளியூரில் இருக்க மனம் கேட்காமல் வருகிறவர்களின் செயலாகப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது.

வேவ்லேண்ட், ஷெஃபீல்டு என்ற இரண்டு வீதிகளை ஒட்டியிருக்கும் ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவர் செங்கல்லால் ஆனது. தொடர் நடந்த நாட்களில் யாரோ சிலர் அதில் சாக்பீஸால் பெயர்களை எழுதத் தொடங்கினார்கள். பட்டம் வென்ற பிறகு சுவர் முழுக்கப் பெயர்களாகிவிட்டது. வெள்ளை, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என்று கையில் கிடைத்த வண்ணத்தில், செங்கல்லின் சொரசொரப்பில் எழுத்து உடைந்து உடைந்து விழுந்தது. ஆட்டக்காரர்களின் பெயர்களும் இருந்தன. ஆனால் பெரும்பாலானவை அப்பா, தாத்தா, பாட்டி, மாமா, அண்ணன் என்று இதைப் பார்க்காமலே இறந்துபோனவர்களின் பெயர்கள். சிலவற்றின் கீழே பிறந்த வருஷமும் இறந்த வருஷமும். கைக்கெட்டும் உயரம் நிரம்பியதும் அதற்கும் மேலே எழுதினார்கள். ஒரு பெயரின் இடுக்கில் இன்னொரு பெயர். ஏழாவது ஆட்டத்தின் வர்ணனையைக் கேட்க அப்பாவின் கல்லறைக்கே காரோட்டிப் போய் இரவு முழுக்க அங்கே உட்கார்ந்திருந்த மகனைப் பற்றியும் அப்போது செய்தி வந்தது. இதையெல்லாம் உணர்ச்சிவசப்பட்ட சிலரின் செய்கை என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு இது ஒரு சாட்சியம். கணக்கு முடியும் நாளில் அந்தக் கணக்கில் பங்குள்ளவர்கள் எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்பது மனித இயல்பு. சுவரில் எழுதியவர்கள் பங்குதாரர்களின் பெயரைத்தான் எழுதினார்கள்.

'நீங்கள் என்ன செய்தீர்கள்? பந்தை எறிந்தது ஒருவன், அடித்தது ஒருவன், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு வெற்றியில் என்ன பாத்தியதை?' இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் எல்லா விளையாட்டு ரசிகனிடமும் கேட்கப்படுவது. இதில் நியாயம் உண்டு என்பதால் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆட்டத்தை ஜெயித்தது ஆட்டக்காரர்கள். அந்தத் திறமையில், அந்த உழைப்பில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் ஆட்டத்தை ஜெயிப்பது வேறு, அது ஒரு ஊருக்கு விசேஷமாக இருப்பது வேறு. தேரைச் செதுக்கியவர் தச்சர்; அவர் கைநேர்த்தி அவருடையது. தேரோட்டம் என்பதோ வடம் பிடித்த ஊரார் செய்வது. 1908-இல் ஆட்டக்காரர்கள் சோடை போனவர்கள் இல்லை. முந்தைய வருஷமும் பட்டம் வென்ற, அந்தக் காலத்தின் தலைசிறந்த அணி. திறமையில் 2016-க்குச் சமமாகவோ மேலாகவோ இருந்திருக்கலாம். திறமைதான் கொண்டாட்டத்தை உண்டாக்குகிறது என்றால் அந்த 6,210-க்கு விளக்கம் இல்லை. டெட்ராய்ட் எதிரி ஊர், அதனால் கூட்டம் குறைவு என்று சொன்னாலும் கிளீவ்லேண்டும் எதிரி ஊர்தான். அன்றைக்கு ஊர் இன்னும் வடம் பிடிக்கத் தொடங்கியிருக்கவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் விளக்கம்.

ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் பந்து வீசிய அரோல்டிஸ் சாப்மன், 2016 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் அணியிலிருந்து வந்தவர், டிசம்பரில் யாங்கீஸுக்கே திரும்பிப் போக ஒப்பந்தம் செய்துகொண்டார். அணியின் முகமாகவே இருந்த ரிஸோ, பிரையன்ட், ஹாவியேர் பாயஸ் மூவரையும் 2021 ஜூலை கடைசியில் இரண்டே நாளில் மூன்று வெவ்வேறு அணிகளுக்கு நிர்வாகம் மாற்றிவிட்டது. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அது அவர்கள் தொழில். முதலாளிகளும் அப்படித்தான். ரிக்லி குடும்பத்திடமிருந்து 1981-இல் ட்ரிப்யூன் கம்பெனிக்கும், அங்கிருந்து 2009-இல் ரிக்கெட்ஸ் குடும்பத்துக்கும் அணி கைமாறியது. பட்டத்துக்கு வழிவகுத்த நிர்வாகி தியோ எப்ஸ்டீன் 2011-இல் பாஸ்டனிலிருந்து வந்தவர், 2020-இல் விலகினார். 108 வருஷமும் இருந்த தரப்பு எது என்று தேடினால் ஒன்றுதான் மிஞ்சும்.

சட்டப்படி அணி ஒரு கம்பெனியின் சொத்து, ரசிகன் வெறும் வாடிக்கையாளன் என்பது அடுத்த மறுப்பு. இதற்கு சிகாகோவைவிட நல்ல பதில் நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கிறது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து முறை உலகத் தொடரில் யாங்கீஸிடம் தோற்றது. ஒவ்வொரு முறையும் 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்பதே அந்த ஊரின் தேறுதல் வார்த்தை. 1955 அக்டோபர் 4 அன்று ஜானி போட்ரஸ் என்ற 23 வயது பிட்சர் யாங்கீஸை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் மடக்க, 2-0 என்று டாட்ஜர்ஸ் ஜெயித்தது. புரூக்ளின் தெருக்கள் அன்றிரவு தூங்கவில்லை. 1957 பருவம் முடிந்ததும் முதலாளி அணியைத் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டார். 1960-இல் எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தை இடித்து அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். இன்று லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் பட்டங்களைப் பட்டியலிட்டால் 1955-ம் அதில் சேரும். பதிவேடு அப்படித்தான் சொல்லும், சட்டமும் அப்படித்தான் சொல்லும். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் 1955-ஐ யாராலும் நினைவுகூர முடியாது, அது அவர்களுக்கு நடக்கவில்லை. பெயர், சீருடை, ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் முதலாளியால் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு மைல் தாண்டிக் கொண்டுபோக முடிந்தது. 1955-ஐ மட்டும் கொண்டுபோக முடியவில்லை. சொத்து என்பது கையோடு எடுத்துப்போகக் கூடியது என்றால், அந்தப் பட்டம் அவருடைய சொத்தாக என்றுமே இருந்ததில்லை.

அப்படியானால் தோற்றுத் தோற்று ஜெயித்தவர்களின் சந்தோஷத்துக்குத்தான் மதிப்பா, அடிக்கடி ஜெயிக்கிறவர்களின் கொண்டாட்டம் மட்டமா என்று கேட்கலாம். நான் சொல்வது அதுவல்ல. காத்திருப்பின் நீளம் ஒரு அளவுகோல் மட்டுமே, சேர்ந்து சுமப்பதுதான் விஷயம். ஃபுளோரிடா மார்லின்ஸ் அணி 1993-இல் ஆடத் தொடங்கி 1997-இலேயே பட்டம் வென்றது. வென்ற கையோடு செலவைக் குறைப்பதற்காக முதலாளி நட்சத்திரங்களை ஒருவர்பின் ஒருவராக வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார். மறுவருஷம் அணி 108 ஆட்டங்களில் தோற்றது. 2003-இல் அதே அணி இன்னொரு பட்டமும் வென்றது. இருந்தும் மைதானத்துக்குக் கூட்டம் வராத அணிகளில் ஒன்றாகவே அது நெடுங்காலம் இருந்தது. இதற்காக மயாமிக்காரர்களைக் குறை சொல்வது அநியாயம். பட்டத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்குள் அணியே கலைந்துபோனால் எந்த ஊர்தான் ஒட்டும்? இரண்டு பட்டம் வென்றும் ஓர் ஊர்வலத்தின் சூடு தங்கவில்லை. பட்டம் தன் கனத்தைத் தானே கொண்டுவருவதில்லை என்பதற்கு இது போதும்.

பணத்தைப் பற்றிய புகார் உண்மையானது. 2016 உலகத் தொடரின் சிகாகோ ஆட்டங்களுக்கு மறுவிற்பனையில் ஒரு டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. பல வருஷம் வெயிலில் உட்கார்ந்து தோல்வியைப் பார்த்தவர்கள் வெளியே நிற்க, காசுள்ளவர்கள் உள்ளே போனார்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது. ஆனால் இதிலிருந்து எல்லாமே வியாபாரம் என்ற முடிவுக்குத் தாவ வேண்டியதில்லை. விற்க முடிந்தது சுமார் நாற்பதாயிரம் நாற்காலிகளை. சுவரில் எழுதவோ, ஆடிஸன் தெருவில் நிற்கவோ, ஊர்வலம் போகும் வழியில் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளவோ டிக்கெட் கேட்கவில்லை. கொண்டாட்டத்தின் பெரும்பகுதி வியாபாரத்தின் வேலிக்கு வெளியேதான் நடந்தது.

சொந்த ஊர் அணி என்று சொல்லும்போது ஊர் என்பது ஒன்றா என்ற கேள்வியும் உண்டு. சிகாகோவின் தென்பகுதிக்காரர்களின் அணி ஒயிட் சாக்ஸ். அவர்களில் பலர் 2016-இல் கொண்டாடவில்லை. 2005-இல் அந்த அணி ஹூஸ்டனை நான்கே ஆட்டத்தில் வீழ்த்தி, 88 வருஷம் கழித்துப் பட்டம் வென்றது. வடபகுதி அணியான கப்ஸின் சோகக் கதைக்கு நாடு முழுக்கக் காது கொடுத்த அளவுக்குத் தெற்கின் காத்திருப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. சிகாகோ பட்டத்துக்காக ஒரு நூற்றாண்டு ஏங்கியது என்று 2016-இல் எழுதியவர்கள் 2005-ஐ அழித்துவிட்டே எழுதினார்கள். ஆனால் வெளியுலகம் கவனிக்காததால் தெற்கில் ஒரு வீட்டில்கூட அந்தச் சந்தோஷம் குறைந்திருக்காது. சேர்ந்து சுமந்தவர்கள் யாரோ அவர்கள்தான் ஊர். நகராட்சியின் எல்லைக்கோடு அதைத் தீர்மானிப்பதில்லை. பிறந்த இடம் தற்செயல், அதன்மேல் என்ன விசுவாசம் என்பவர்களுக்கும் இதுவே என் பதில். சிகாகோ வந்தேறிகளின் நகரம். அந்த ஊர் இடுகாட்டில் ஒரு மூதாதையும் இல்லாதவர் பத்து வருஷம் அந்த அணியோடு சேர்ந்து தோற்றால், பதினோராவது வருஷம் அவரும் சுவரில் எழுதலாம். யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்போவதில்லை.

இவற்றையெல்லாம்விடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. கூட்டத்தின் சந்தோஷம் வெறியாக மாறும் என்பதற்கு ஆதாரம் நிறைய. 1984-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் ஜெயித்த இரவில் கார்கள் எரிந்தன, உயிரும் போனது. 2004-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் யாங்கீஸை வென்ற இரவில் கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் சுட்ட மிளகுக் குண்டு கண்ணில் பட்டு, எந்த வம்பிலும் சம்பந்தமில்லாத 21 வயது கல்லூரி மாணவி இறந்தார். சிகாகோவில் நடந்தது வேறு விதம். 2003 அக்டோபர் 14 அன்று, அதாவது அந்த 1908 வெற்றிக்குச் சரியாக 95 வருஷம் கழித்து, கப்ஸ் 3-0 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் ஐந்து பேரை அவுட்டாக்கினால் உலகத் தொடர். வேலியோரமாக விழுந்த பந்தைப் பிடிக்க கப்ஸ் ஆட்டக்காரர் மொய்சஸ் அலூ எம்பினார்; அதே பந்துக்குப் பார்வையாளர்கள் பலர் கை நீட்ட, ஒருவர் கையில் அது பட்டுப் போனது. பிறகு பிட்சர் தடுமாறினார், எளிய பந்து ஒன்றை அலெக்ஸ் கொன்ஸாலஸ் நழுவவிட்டார், எதிரணி எட்டு ரன் எடுத்தது. மறுநாள் ஆட்டத்தையும் கப்ஸ் தோற்றது. பழி முழுக்க அந்த ஒரு ரசிகர் தலையில் விழுந்தது. அவர்மேல் பீரை ஊற்றினார்கள், காவலர்கள் சூழ்ந்து அவரை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது, அவர் வீட்டுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. அன்றுமுதல் வெளிச்சத்துக்கு வராமல் வாழ்கிற அவர் பெயரை நானும் எழுதப்போவதில்லை.

வெற்றி ரசிகர்களுடையது என்று வாதாடுகிறவன் அந்த இரவையும் ரசிகர்களின் கணக்கிலேயே எழுத வேண்டும். நல்லது எங்களுடையது, கெட்டது யாரோ நாலு குடிகாரர்களுடையது என்று பிரிக்க முடியாது. 2017-இல் கப்ஸ் நிர்வாகம் அவருக்கு ஒரு சாம்பியன் மோதிரத்தை அளித்தது. ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த அதே மோதிரம். அதை ஏற்றுக்கொண்டபோது அவர் வெளியிட்ட அறிக்கையில், விளையாட்டைப் பொழுதுபோக்காகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும், யாரையும் இப்படிப் பலிகடா ஆக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். இதைச் சொல்ல அவரைவிடத் தகுதியுள்ளவர் யாரும் இல்லை. இரண்டாவது பாதியோடு முழுவதுமாக உடன்படுகிறேன். முதல் பாதியில்தான், மிகுந்த மரியாதையோடு, மாறுபடுகிறேன். 2003-இல் அந்தக் கூட்டம் செய்த தவறு விளையாட்டை அளவுக்கு மீறி நேசித்தது அல்ல. 95 வருஷமாக எல்லாரும் சேர்ந்து சுமந்ததை ஒரு நொடியில் தங்கள் தோளிலிருந்து இறக்கி, தங்களைப் போலவே காத்திருந்த ஒருவர் தோளில் ஏற்றிவிட்டு நடந்தார்கள். அவரும் கப்ஸ் தொப்பி போட்டிருந்தார். பந்து மேலே வரும்போது அண்ணாந்து கை நீட்டிய அத்தனை பேரும் செய்ததையே அவரும் செய்தார். 2016-இல் சாக்பீஸ் எடுத்தவர்களில் சிலராவது 2003-இல் அவரைத் திட்டியவர்களாக இருந்திருப்பார்கள்.